இரண்டு வாரம் என்று வந்த பூனைகள்

தம்பி என் வீட்டுக்கு வந்தபோது இரண்டு வாரம்தான் என்றான். சுங்கை வேயில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப் போகிறாராம். வேறு இடம் கிடைக்கும்வரை தங்கிக்கொள்கிறேன் என்றான். கையில் ஒரு துணிப்பை, ஒரு ரைஸ் குக்கர். அவனுக்குப் பின்னால் என் கணவர் லிப்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு பூனைகள்.

"இது வேறயாடா?" என்றேன்.

"ரெண்டு வாரம்தானேக்கா. ஒரு மூலையில கிடக்கும்."

நாங்கள் இருப்பது செந்தூலில், ஒன்பதாவது மாடியில். மூன்று அறை வீடு என்று பெயர். மூன்றாவது அறையில் ஒரு கட்டில் போட்டால் கதவு முழுதாகத் திறக்காது. அதில் சாமி அலமாரியை வைத்திருக்கிறோம். நடு அறை மகளுடையது. அவள் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுமுறைக்குத்தான் வருவாள். அந்த அறையைத் தம்பிக்குக் கொடுத்தேன். மகளுக்குச் சிறு வயதில் வீசிங் இருந்தது அப்போது என் நினைவில் இல்லாமல் இல்லை. அதெல்லாம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது இளையவன், கல்யாணம் ஆகாதவன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருஷம் சமையல் மாஸ்டராக இருந்தான். எங்களிடம் வருவதற்குச் சில மாதம் முன்பு அந்த வேலையை விட்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "முதலாளியோட சண்டைக்கா" என்று முடித்துக்கொள்வான். பிறகு வாடகைக்கு ஒரு கார் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தான். போனில் அழைப்பு வந்தால் போவான். வராவிட்டால் மகளின் அறையில் தரையில் உட்கார்ந்து பூனைகளைத் தடவிக்கொண்டிருப்பான்.

ஒன்று மஞ்சள் கடுவன், பெரிய தலை. மற்றது சாம்பல் நிறப் பெட்டை. அதன் வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். இரண்டையும் கடையின் பின்சந்தில் குட்டியாக எடுத்து வளர்த்ததாகச் சொன்னான். அவற்றின் மணல் தட்டைப் பின்பக்கம், துணி துவைக்கும் மெஷின் நிற்கும் யார்டில் வைத்தோம். வேறு இடம் இல்லை. நாங்கள் துணி காயப்போடுவதும் அங்கேதான்.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. வீடு கிடைக்கவில்லை, அல்லது அவன் தேடவில்லை. அதற்குள் வீட்டுக்கு ஒரு வாடை வந்துவிட்டது. வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூக்கில் ஏறும். பழைய வெங்காயமும் ஈரத் துணியும் சேர்ந்த மாதிரி, அதற்கு மேல் கண்ணில் குத்துகிற ஒரு காரம். கடுவன் தட்டில் மட்டும் போவதோடு நிற்கவில்லை. சோபாவின் காலில், திரைச்சீலையில், செருப்பு அலமாரியில் வாலைத் தூக்கி நின்று பீய்ச்சிவிட்டுப் போகும்.

"டேய், வீடு நாறுதுடா."

"எங்கக்கா நாறுது? நான் காலையில எழுந்த உடனே அள்ளித்தான் போடுறேன்."

"வந்து இந்த சோபாவ மோந்து பாரு."

வருவான். முட்டி போட்டு, சோபாவின் துணியில் முகத்தை வைத்து இழுத்து மூச்சு விடுவான். எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்வான். பிறகு, "கொஞ்சமா இருக்கு போல" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சமாம். பக்கத்தில் நின்றால் கண்ணில் தண்ணீர் வருகிறது, இவனுக்குக் கொஞ்சமாக இருக்கிறது. சோம்பேறித்தனத்தை மறைக்க நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே செய்யாத வேலையைச் செய்துவிட்டதாகச் சொல்கிற பழக்கம் அவனுக்கு உண்டு.

என் கணவர் ரயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை செய்கிறார். அதிகம் பேசமாட்டார். பூனைகள் வந்த பிறகு காலையில் எழுந்தவுடன் அவருக்குத் தும்மல் ஆரம்பித்துவிடும். நான் சமையலறையில் நின்று எண்ணுவேன். பதினைந்து, பதினாறு வரை போகும். மூக்கைச் சிந்திவிட்டு, சிவந்த கண்ணோடு காப்பியை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

"நீங்களாச்சும் அவன்கிட்ட சொல்லக்கூடாதா?" என்பேன்.

"விடு லா. எங்க போவான்?"

"அப்ப உங்க மூக்கு?"

"மாத்திரை போட்டா நின்னுடும்."

மாத்திரை போட்டால் நிற்கும், ஆனால் தூக்கம் வரும் என்பதால் வேலை நாளில் போடமாட்டார். எனக்காகப் பொறுத்துக்கொள்கிறார் என்பது தெரியும். அந்தப் பொறுமையே எனக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. அவர் ஒரு சண்டை போட்டிருந்தால், நான் தம்பிக்குப் பரிந்து பேசியிருப்பேன். எல்லாக் கோபமும் என் ஒருத்தி தலையில் வந்து உட்கார்ந்திருக்காது.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. முதலில் பிளீச். சனிக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு தரை முழுக்க ஊற்றித் துடைத்தேன். வாடை போகவில்லை, பிளீச் வாடையும் சேர்ந்து தொண்டையை அறுத்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னார். வைத்தேன், பெட்டை அதைத் தட்டிவிட்டது. எதிர் வீட்டு மலாய்க்கார மக்சிக், வாசனைக்கு என்று பாண்டான் இலைக் கட்டு கொடுத்தார். வினிகர் தெளித்தேன். எலுமிச்சைத் தோல் போட்டேன். சாம்பிராணி போட்டேன், அதற்கும் என் கணவர் தும்மினார். எதைப் போட்டாலும் அது அரை மணி நேரம் மணக்கும், பிறகு அடியிலிருந்து பழைய வாடை மேலே வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை, குளித்து முடித்து விளக்கேற்றப் போனேன். சாமி அலமாரியின் காலில் ஈரம். கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த, தைப்பூசத்துக்குக் கட்டுகிற மஞ்சள் சேலையிலும் ஈரம். நான் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்தான்.

"தண்ணி சிந்துனது இல்லயாக்கா?"

அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவன் சேலையை எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தான். மாலையில் கடைக்குப் போய் எனக்குப் பிடித்த வடை வாங்கி வந்து மேசையில் வைத்தான். நான் தொடவில்லை.

நான் வேலை செய்வது பிரிக்பீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில். கோப்புகளைத் தயார் செய்வது, கோர்ட்டில் போய்ப் பதிவு செய்வது, அப்படியான வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் மதியம், என்னோடு வேலை செய்கிற சின்னப் பெண் ஒருத்தி, காப்பி போடுகிற பாண்ட்ரியில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க லா. உங்க வீட்ல பூனை இருக்கா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல... கொஞ்ச நாளா உங்க பிளவுஸ்ல ஸ்மெல் வருது. போன வாரம் கிளையண்ட் ஒருத்தங்க கேட்டாங்க. நானே சொல்லிடலாம்னு நினைச்சேன்."

நான் பிளவுஸ் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. முதல்நாள் மெஷினிலிருந்து எடுத்து, யார்டில் காய்ந்து, இஸ்திரி போட்டு உடுத்திய துணி. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவைத் திறந்ததும் அடிக்கிற வாடை ஐந்து நிமிஷத்தில் பழகிப்போகிறது என்று தெரியும். ஆனால் அதை மேலே சுமந்துகொண்டு எல்ஆர்டி ரயிலில் வந்து, மேலாளர் அறையில் நின்று, கோர்ட் கௌண்டரில் வரிசையில் நின்று, இத்தனை நாள் திரிந்திருக்கிறேன். அன்று மாலைவரை யார் பக்கத்திலும் நான் போகவில்லை. ரயிலில் காலியாக இருந்த இருக்கையில்கூட உட்காராமல் கதவோரம் நின்றே வந்தேன்.

அந்த வாரமே கடுவனை மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். தம்பி, "பாவம்க்கா, அதுக்கு ஆபரேஷனா?" என்று இழுத்தான். "நான் பாவம் இல்லயா?" என்று கேட்டேன். அவனே காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். டாக்டர் ஒரு மலாய்ப் பெண். அறுவைச் சிகிச்சை செய்தால் பீய்ச்சுவது பெரும்பாலும் குறையும், ஆனால் ஏற்கெனவே நனைத்த இடங்களில் வாசனை இருக்கும்வரை அங்கேயே திரும்பிப் போகும் என்றார். எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்று கேட்டார். பிளீச் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பூனை மூத்திரத்தில் பிளீச் ஊற்றினால் எழுகிற ஆவி நம் நெஞ்சுக்கே கெடுதலாம். அந்த வாடை பூனைக்கு இன்னொரு பூனை வந்து போன மாதிரிதான் தெரியுமாம். கறையை அடியோடு அரித்து எடுக்கும் என்சைம் திரவம் என்று ஒன்று விற்கிறது, அதை ஊற்றி நன்றாக ஊறவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும் என்றார்.

நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் முட்டி வலிக்க நான் செய்த வேலை, பூனைக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகியிருக்கிறது.

ஆபரேஷன் முடிந்து, தெரிந்த இடங்களில் அந்தத் திரவத்தையும் ஊற்றிய பிறகு கடுவன் அடங்கியது. ஆனால் வீடு முழுதாக மாறவில்லை. அந்த நிலையில்தான் மகள் செமஸ்டர் விடுமுறைக்கு வந்தாள். அவள் வருவதற்கு முன் அறையைக் காலி செய்து, மெத்தை விரிப்பை மாற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, தம்பியை ஹாலில் படுக்கச் சொல்லியிருந்தேன். மகளுக்குப் பூனைகள் என்றால் உயிர். வந்த அன்று முழுக்கப் பெட்டையை மடியில் வைத்துக்கொண்டு மாமாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவளை எழுப்பப் போனபோது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது. மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம். பேச முடியவில்லை, கையால் நெஞ்சைக் காட்டினாள்.

கீழே கிளினிக்குக்கு நானும் கணவரும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். நெபுலைசர் வைத்தார்கள். புகை மாதிரி மருந்து முகமூடிக்குள் சுற்றிக்கொண்டிருக்க, அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல பூனை இருக்காம்மா?" என்பதுதான்.

"இருக்கு. ஆனா அறைய நல்லா கழுவி வச்சேன் டாக்டர். முடி ஒன்னு இல்ல."

"முடி மட்டும் இல்லம்மா. அதோட எச்சில், தோல்லேருந்து உதிர்ற தூசி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, கர்ட்டன், சுவரு, உங்க துணி, எல்லாத்துலயும் ஒட்டிக்கும். பூனைய இன்னைக்கு வெளிய அனுப்பினாலும் மாசக்கணக்குல இருக்கும். நீங்க பெருக்கினா அது எழும்பி மறுபடி உக்காரும்."

நான் அன்று காலையும் பெருக்கியிருந்தேன்.

மகள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஷா ஆலாமில் தோழி வீட்டில் மீதி விடுமுறையைக் கழிக்கிறேன் என்றாள். "கோச்சுக்காதீங்கம்மா, மாமாகிட்ட ஒன்னும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு, கூட்டிப்போக வந்த தோழியின் காரில் ஏறிப்போனாள். என் பெண்ணுக்கு அவள் அறையில் ஒருநாள்கூட இருக்க முடியவில்லை. அவள் துணிப்பையை நான் பிரித்து அடுக்கியிருந்தேன். அதை மறுபடி மடித்து, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, வேறு பையில் போட்டுக் கொடுத்துவிட்டது என் கணவர்.

தம்பியைப் போகச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதியமே வந்தேன். கணவர் வேலையில் இருக்கிற நேரம், நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ளலாம் என்று.

கதவைத் திறந்தபோது வழக்கமான வாடை வரவில்லை. வேறு ஒன்று வந்தது. முதல்நாள் மாலை வைத்த மீன் குழம்பு. இரவு அதை ஐஸ்பெட்டியில் வைக்க மறந்து, காலையிலும் கவனிக்காமல் ஓடியிருந்தேன். கொதிக்கிற வெயிலில் அது அடுப்பின் மேலேயே இருந்து ஊசிப்போய், வாசல்வரை நாற்றம் வந்தது. சமையலறை மேசையில் தம்பி உட்கார்ந்து, அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் பாதி தீர்ந்திருந்தது.

"வாங்கக்கா. சீக்கிரம் வந்துட்டீங்க?"

நான் தட்டைப் பிடுங்கினேன். "அறிவிருக்கா? நேத்து குழம்புடா இது. கெட்டுப்போயிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

"புளி கூட போட்டுட்டீங்களோன்னு நினைச்சேன்" என்றான்.

பன்னிரண்டு வருஷம் மீன் குழம்பு வைத்தவன். ஒரு காலத்தில், நான் வைக்கிற குழம்பில் வெந்தயம் கருகியிருந்தால் கதவருகில் நின்றே சொல்லிவிடுகிறவன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். நாற்றம் தாங்கவில்லை, குழம்பைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"உனக்கு வாசனை தெரியலயா?"

அவன் கை கழுவாமல் விரலில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவிட் வந்துச்சுல்ல. அப்ப போனது. எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல."

"ஒன்னுமேவா?"

"உப்பு, புளி, காரம் நாக்குல தெரியும். மத்தது ஒன்னும் இல்ல. மல்லி போட்டாலும் ஒன்னுதான், போடாட்டியும் ஒன்னுதான்."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். முதலில் சமாளித்தானாம். கண்ணால் பார்த்து, நிறம் பார்த்து, கை அளவை நம்பி. உதவிக்கு நின்ற பெண்ணை ருசி பார்க்கச் சொல்லுவானாம். இரண்டு மூன்று தடவை தாளிப்பு கருகியது தெரியாமல் ஊற்றிவிட்டான். பிறகு ஒருநாள் ஐஸ்பெட்டி பழுதாகி ஆட்டிறைச்சி கெட்டுப்போனது தெரியாமல் பெரிய சட்டியில் போட்டு வதக்கிக்கொண்டிருந்தான். முதலாளி வெளியிலிருந்து வாடை பிடித்து உள்ளே ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"யாரும் சாப்பிடலக்கா. அவரும் ஒன்னும் திட்டல. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுன்னுதான் சொன்னாரு. ஆனா அதுக்கப்புறம் எனக்கு அடுப்புகிட்ட நிக்கவே பயமா போச்சு. நானேதான் போகல."

"சண்டைன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்ல?"

இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாதம், சோபாவில் மூக்கை வைத்து முகர்கிற மாதிரி நடித்திருக்கிறான். நான் தொண்டை கிழியக் கத்தும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவனை ஏசியிருக்கமாட்டேன், வேறு வழி பார்த்திருப்பேன், மகள் வருவதற்கு முன் யோசித்திருப்பேன். அதை அவனிடமே சொன்னேன்.

"சொன்னா நீங்க எல்லாரும் பாவம்னு பார்ப்பீங்க. வேற வேலையும் தெரியாதவன்னு பேசுவீங்க. அதுக்கு ஏச்சு வாங்கிக்கலாம்."

மகளுக்கு மூச்சு முட்டிய காலையில் அவன் சவாரிக்குப் போயிருந்தான், பிறகும் அவனிடம் யாரும் சொல்லவில்லை. தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும்தான் தெரியும். இப்போது சொன்னேன். அவன் எழுந்துபோய்க் கை கழுவினான். நிறைய நேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போகச் சொல்லி நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளை அன்று சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் கத்தவாவது முடிந்தது. இப்போது அதுவும் போயிற்று. வாடை மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு சின்ன டார்ச் லைட் வாங்கி வந்தான். ஊதா வெளிச்சம் அடிக்கும். பூனை மூத்திரம் பட்ட இடத்தில் அடித்தால் மின்னும் என்று போனில் எங்கோ பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாத் திரைகளையும் இழுத்து, ஜன்னல்களுக்குக் கருப்புக் குப்பைப் பையை ஒட்டி, வீட்டை இருட்டாக்கினோம். அவன் டார்ச்சை அடித்துக்கொண்டே போக, நானும் கணவரும் பின்னால் போனோம்.

சோபாவின் கால் மின்னியது. அது தெரிந்ததுதான். ஆனால் டிவி மேசையின் பின்புறம் முழுக்க மின்னியது. ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒழுகி இறங்கிய கோடுகள், மஞ்சள் பச்சையாக. மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில். என் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், நான் தினமும் தலை வைக்கிற இடத்திலிருந்து ஒரு முழத்தில். அங்கெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று நான் முகர்ந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

"இங்க ஒன்னுக்கா" என்று அவன் சொல்லச் சொல்ல, என் கணவர் பென்சிலால் சுவரில் வட்டம் போட்டார். எண்ணுவதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன். என் மூக்கை நம்பி அவனை எத்தனை தடவை மட்டம் தட்டியிருக்கிறேன். கோபம் யார் மேல் வருகிறது என்றே புரியாமல், என்சைம் பாட்டிலைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தேன்.

அதன் பிறகு தம்பி சுத்தம் செய்ததைப்போல் நான் செய்ததில்லை. மூக்கு இல்லாததால் கடிகாரத்தைப் பார்த்துச் செய்தான். காலை ஆறரை, மதியம் ஒன்று, மாலை ஏழு. போனில் மணி அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து மணல் தட்டை அள்ளுவான். வாரம் ஒரு தடவை டார்ச் அடிப்பான். மணல் தட்டை யார்டிலிருந்து எடுத்துத் தான் படுக்கிற மூலையில் வைத்துக்கொண்டான். சோபாவைத் தூக்கிப் போட்டோம். ஒரு மாதத்தில், கதவைத் திறந்தால் வாடை இல்லை. அலுவலகத்துப் பெண்ணிடம் நானே போய்க் கேட்டேன். குனிந்து என் தோளருகே முகர்ந்துவிட்டு, "இல்லக்கா, ஓகே" என்றாள்.

ஆனால் கண்ணுக்குத் தெரியாததை என்ன செய்வது? கணவரின் தும்மல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. மகளிடம் போனில், இப்போது வீடு சுத்தம் என்றேன். "பூனை இருக்காம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப வேணாம்மா, பரீட்சை வேற வருது" என்றாள். வாடை இல்லாத வீட்டிலும் அவளால் மூச்சுவிட முடியாது. இவ்வளவு வேலையும் அந்த ஒரு பதிலை மாற்றவில்லை.

போகச் சொன்னது நான் இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது தம்பியே சொன்னான்.

"காப்பார்ல ஒரு வீடு பார்த்திருக்கேன்க்கா. பழைய பலகை வீடு, சுத்தி இடம் இருக்கு. வேலையும் அங்கயே."

"என்ன வேலை?"

"கோழி லோரி. பண்ணையிலேருந்து ஏத்திக்கிட்டுப் பாசாருக்குப் போறது. அந்த நாத்தத்துக்கு யாரும் ஒரு வாரம் நிக்க மாட்டறாங்களாம். எனக்கு ஒன்னும் தெரியாதே."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். என் கணவரும் சிரித்தார். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். பூனைகளை யாரிடமாவது கொடுத்துவிட்டு நீ இங்கேயே இரு என்று சொல்ல நினைத்தேன். வாய்வரை வந்தது. அந்த இரண்டைத் தவிர அவனோடு இருப்பது வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததால் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதே இரண்டு கூடைகளில் பூனைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனான்.

அவர்கள் போன மறுநாளிலிருந்து நான் சுவரைத் துடைக்கிறேன். ஈரத் துணியால், மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சனிக்கிழமையும். மெத்தைக்கு ஜிப் வைத்த உறை போட்டோம். திரைகளைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் பட்டைகள் மாட்டினோம். ஹால் மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நாள் முழுக்க முனகுகிறது. மகள் ஐந்து மாதம் கழித்து வந்தாள். முதல் நாள் இரண்டு தடவை இன்ஹேலர் அடித்தாள். இரண்டாம் நாள் ஒரு தடவை. அலமாரியிலிருந்து ஒரு பழைய ஸ்வெட்டரை எடுத்தவள், அதிலிருந்து ஒரு மஞ்சள் முடியை விரலில் எடுத்து என்னிடம் காட்டினாள். நான் அந்த அலமாரியை நான்கு தடவை துடைத்திருந்தேன்.

அவள் வீட்டில் இருந்த அந்த வாரத்தில்தான் தம்பியைப் பார்க்கக் கணவரோடு காப்பாருக்குப் போனேன். அவன் போனதிலிருந்து அதுவரை நான் போயிருக்கவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போயிருந்தது. பின்னால் எண்ணெய்ப்பனைத் தோட்டம், முன்னால் மணல் தரை. வெயிலில் கடுவன் மல்லாந்து படுத்துக் கிடந்தது. தம்பி கறுத்திருந்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தான். எனக்காகக் கோழிப் பிரட்டல் வைத்திருந்தான். கரண்டி, கடிகாரம், போனில் எழுதி வைத்த அளவு, இதையெல்லாம் வைத்துச் சமைத்தேன் என்றான். உப்பு சரியாக இருந்தது. மசாலா பச்சை வாசனை போகவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா என்று யோசித்து, கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"இன்னும் எத்தன நிமிஷம் வதக்கணும்?" என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டான்.

பெட்டை வந்து என் காலில் உடம்பைத் தேய்த்தது. நான் காலை இழுத்துக்கொண்டேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு, பெட்டையைத் தூக்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. நான்தான் தட்டில் பாதியை வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். வீட்டில் மகள் இருப்பதால், எங்கள் இருவருக்கும் மாற்றுத் துணியைத் தனிப்பையில் கட்டி எடுத்து வந்திருந்தேன். கழிவறையின் ஈரத் தரையில் சுடிதாரின் கால் படாமல், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று மாற்றினேன். கழற்றிய துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக முடிச்சுப் போட்டேன். கை, முகம், கழுத்து எல்லாம் சோப்பு போட்டுக் கழுவினேன். வெளியே ஒரு அம்மா கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கூடப்பிறந்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி இங்கே நின்று தடயத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். தலைமுடிதான் பாக்கி இருந்தது. அதையும் குழாயில் நனைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"காரோட பின்பக்கத்தத் திறங்க" என்றேன். துணிப்பையைப் பின்னால் போட்டு மூடிவிட்டு வந்து ஏறினேன். அவர் ஜன்னலை இறக்கிவிட்டு இரண்டு தடவை தும்மினார்.